இருபத்து நான்கு நாளில் அளந்த பாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணத் தொடரின் ஐந்தாம் பகுதியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருபத்து நான்கு நாள் தங்கிவிட்டு வந்த கட்டுரையாளர், அமெரிக்கர்களுக்குப் பாசம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எழுதியிருக்கிறார். பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு, வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறதாம்.

அந்த வரியை நான்கு முறை படித்தேன். அவர் சொல்கிற மாதிரியான ஓர் இல்லத்தில்தான் நான் இருபத்திரண்டு வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். 1995இல் ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகருக்குப் போனவள், 2017இல் ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். கட்டுரையாளர் அப்படி ஓர் இல்லத்துக்குள் காலடி வைத்ததாக அந்த ஐந்து பகுதிகளில் எங்கும் இல்லை. ஓர் அமெரிக்கர் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததாகவும் இல்லை.

அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் சொல்வது போலச் சின்ன ஆஸ்பத்திரி இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியவர்கள் வந்து சேரும் இடம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அறுபத்தைந்து கிலோ உடம்பை எழுபத்தெட்டு வயதுக் கணவரால் எத்தனை நாள் திருப்ப முடியும்? பெரும்பாலான குடும்பங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இனி முடியாது என்ற கட்டத்தில்தான் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். விட்டுவிட்டுப் போகிற முதல் நாள் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுத மகன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஜீப் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எங்கள் இல்லத்தில் நான்கு வருடம் இருந்தார். நான் அப்போது பகல் டியூட்டி. தினமும் காலை பதினொன்றேகால் மணிக்கு அவர் வந்துவிடுவார். டொலிடோ, ஈரி ஏரிக் கரையில் இருக்கிற ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டினால் பள்ளிக்கூடங்களையே மூடிவிடுவார்கள். அந்த நாட்களிலும் தன் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். மனைவிக்குக் கழுத்தில் துண்டைக் கட்டி, மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவார். அந்த அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. கணவரைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாள்கூடத் திருத்தியதில்லை. அண்ணனாகவே உட்கார்ந்து ஊட்டிவிட்டுப் போவார். மனைவி இறந்த பிறகும் கொஞ்ச நாள், செவ்வாய்க்கிழமைகளில் வந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த யாருமற்ற கிழவிக்கு ஊட்டினார். இவருக்குப் பாசம் தெரியாதா, ஐயா?

நைட் டியூட்டிக்கு மாறிய பிறகு இன்னொரு பெண்ணைத் தெரிந்துகொண்டேன். இரண்டு கடைகளில் வேலை. இரண்டாவது கடையை அடைத்துவிட்டு இரவு பத்தரை மணிக்கு வருவாள். அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்ப மாட்டாள். போர்வையை விலக்கி, பாதத்துக்கு எண்ணெய் தடவிவிட்டு, மூடிவிட்டுப் போவாள்.

யாரும் வராத அறையும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. இரண்டு மகன்கள் இருந்தும் ஆறு வருடம் ஒருவரும் எட்டிப் பார்க்காத பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் உயிர் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் எங்களோடு வேலை பார்த்த உதவியாளர் பெண். அவளும் அமெரிக்கப் பெண்தான். அந்த இரண்டு மகன்களை வைத்து நாட்டை எடை போடுவதென்றால் அவளை எந்தத் தட்டில் வைப்பது?

ஆசிரியர் அவர்களே, உங்களுக்குத் தெரியாதது இல்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நர்சிங் ஹோம்களில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வயதானவர்களையோ உடல்நலமில்லாத குடும்பத்தினரையோ சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த நாட்டில் ஐந்து கோடிக்கும் மேல் என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. இதற்காக வேலையில் விடுப்பு கேட்டால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பன்னிரண்டு வாரம் கிடைக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று சட்டத்தில் இல்லை. அதுவும் எல்லா வேலைக்கும் பொருந்தாது. 1965இல் வந்த மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு முதியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கும், ஆனால் வருடக்கணக்கில் இல்லத்தில் தங்குகிற செலவைத் தாங்காது. அதற்கு மாதம் எட்டாயிரம் டாலருக்கு மேல் ஆகிவிடும். சேமிப்பு கரைந்து, வீட்டை விற்று, அப்புறம் ஏழைகளுக்கான அரசு உதவிக்குக் கையேந்தி நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். கட்டுரையாளர் இந்தக் கொடுமையைத் திட்டி எழுதியிருந்தால் நானும் சேர்ந்து கைதட்டியிருப்பேன். அவரோ அந்த மக்களின் மனசைத் திட்டியிருக்கிறார்.

பதினெட்டு வயதானால் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. கொரோனா வந்த 2020இல், 18 முதல் 29 வயது வரை உள்ள அமெரிக்கர்களில் பாதிப் பேருக்கு மேல் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள். அதற்கு முன்னாலும் வேலை போய், கல்யாணம் முறிந்து திரும்பி வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வீடுகள் என் தெருவிலேயே மூன்று இருந்தன.

அவர்கள் சிரிப்பு போலி என்றும் எழுதியிருக்கிறார். இதை அவர் மட்டும் சொல்லவில்லை, ஐரோப்பாவிலும் பலர் சொல்வார்கள். 1990இல் மாஸ்கோவில் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது, அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கவே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததாம். அந்த ஊரில் காரணமில்லாமல் சிரித்தால் சந்தேகப்படுவார்கள். டொலிடோவில் போலந்துக்காரர், ஹங்கேரிக்காரர், லெபனான்காரர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஊரை விட்டுக் கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய மசூதி. பாட்டன் காலத்தில் ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாத ஊரில், நான் உனக்குக் கெடுதல் செய்ய மாட்டேன் என்று சொல்லச் சிரிப்பைத் தவிர வேறு என்ன இருந்திருக்கும்? வாய் திறந்து இங்கிலீஷ் பேசக் கூச்சப்பட்ட என் முதல் வருடத்தில் அந்தச் சிரிப்புதான் எனக்குத் துணை.

எனக்கு அங்கே கசப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என் நிறத்தைப் பார்த்து, என்னைத் தொடாதே என்று கையைத் தட்டிவிட்ட நோயாளிகள் உண்டு. ஈராக் போரும் துப்பாக்கிகளும் எனக்கும் வேதனைதான். 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தாவில் நம் நாட்டு இன்ஜினியர் ஒருவரை ஓர் அமெரிக்கர் சுட்டுக் கொன்றார். அந்தக் கொலைகாரரைத் தடுக்கப் பாய்ந்து தானும் குண்டடி பட்ட இருபத்து நான்கு வயது இளைஞரும் அமெரிக்கர்தான். அந்த வாரம் என் தங்கை போன் செய்து, அமெரிக்காக்காரன் எல்லாம் இப்படித்தானே அக்கா என்று அழுதாள். அந்தப் பையனைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் மூன்று நாள் தயங்கினேன். 2006 பிப்ரவரியில் சுசீந்திரத்தில் என் அம்மா படுத்த படுக்கையானார். டொலிடோவில் நான் யார் யாருடைய அம்மாவுக்கோ வாய் துடைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு வாய் துடைத்தது மாதச் சம்பளத்துக்கு வைத்த ஓர் அக்கா. தகவல் வந்தபோது என்னிடம் விடுப்பு மிச்சமில்லை. என்னோடு வேலை பார்த்த பதினொரு பேர் தங்கள் சம்பள விடுப்பிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் என்று என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அதற்கு வழி உண்டு. அதில் ஒருத்தி தன் மகள் பிரசவத்துக்காகச் சேர்த்துவைத்த நாட்களைக் கொடுத்தாள். டிக்கெட்டுக்குப் பணமும் ஒரு கவரில் போட்டு என் கையில் திணித்தார்கள். அப்படியும் நான் வந்து சேர்ந்தது காரியத்துக்குத்தான். அந்தப் பதினொரு பேரின் முகம் நினைவில் இருக்கும்போது, பாசம் தெரியாத ஜனம் என்று நம் பத்திரிகையில் அச்சாகி வந்தால் நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நம் பத்திரிகை என்று உரிமையோடுதான் சொல்கிறேன். என் தங்கை மாதாமாதம் பழைய இதழ்களைக் கட்டித் தபாலில் அனுப்புவாள். நைட் டியூட்டியில் இரண்டு மணிக்கு அதைப் படித்துத்தான் தமிழ் மறக்காமல் இருந்தேன். அதே பத்திரிகையின் திருமணச் சிறப்பிதழில் மூன்று வருடத்துக்கு முன், அமெரிக்கர்கள் சட்டை மாற்றுவது போலத் துணையை மாற்றுகிறார்கள் என்று வந்தது. அங்கே விவாகரத்து விகிதம் 1980களிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது என்று கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் வரவில்லை. அப்புறம் கேள்வி பதில் பகுதியில், அமெரிக்கர்களுக்கு உலக வரைபடத்தில் இந்தியா எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றீர்கள். தெரியாதவர்கள் உண்டு. ஒகையோ எங்கே இருக்கிறது என்று என் சொந்தக்காரர்கள் இருபது பேரிடம் கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அதற்காக அவர்களை நான் மட்டம் என்று நினைக்கவில்லை.

வேலூரில் 1900இல் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்த ஐடா ஸ்கட்டரும் அமெரிக்கர்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்த சாமுவேல் கிரீனும் அமெரிக்கர்தான். மதத்துக்காக வந்தவர்கள் என்பீர்கள். வந்தார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நட்டுவைத்த மரத்தின் நிழலில் நாம் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தியர்கள் என்றால் கறி வாடை, கால் சென்டர், பெண்ணை அடிக்கிற கூட்டம் என்று அங்கே யாராவது பேசினால் நாம் கொதிக்கிறோம். நான் கொதித்திருக்கிறேன், இல்லத்தின் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறேன். என் எதிரில் இருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொடர் தை மாதம் நூலாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஐந்தாம் பகுதியில் முதியோர் இல்லம் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். கட்டுரையாளர் விரும்பினால், அடுத்த முறை அவர் அமெரிக்கா போகும்போது டொலிடோவில் யாரைப் பார்க்கலாம் என்று நான் எழுதித் தருகிறேன். காலை பதினொன்றேகால் மணிக்குப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
நாகர்கோவில்.