அதிர்ச்சி மரணப் பட்டியல் இனி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழர்கள் தலைவர்களையும் நடிகர்களையும் கொண்டாடுவதைப் பற்றி அவ்வப்போது பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவது, மண்சோறு சாப்பிடுவது, காலில் விழுவது எல்லாம் அவற்றில் தவறாமல் இருக்கும். 'நம் மக்கள் எப்போதுதான் திருந்துவார்களோ' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. மக்களுடைய அன்பைக் குறை சொல்வது சுலபம். அந்த அன்பின் பேரில் போகிற உயிர்களைக் கட்சிகளும் பத்திரிகைகளும் எப்படிக் கணக்கு எழுதுகின்றன என்பதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் ஆண்டிபட்டிக்காரி. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த விஷயத்தில் எங்கள் தொகுதிக்கென்று ஒரு கதை உண்டு. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். இங்கே போட்டியிட்டபோது, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வரவில்லை. மருத்துவமனையில் அவரை எடுத்த வீடியோவைத்தான் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜெயித்தார். பிறகு 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா இங்கே நின்றுதான் சட்டமன்றத்துக்குப் போனார்.

சினிமா மயக்கத்தில் போட்ட ஓட்டு என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் நின்றவளாக எனக்கு வேறு சில விஷயங்கள் தெரியும். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. காமராஜர் காலத்திலேயே மதிய உணவு வந்துவிட்டது, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் சமையலுக்கும் பொறுப்புக்கும் பெண்களை, அதிலும் பலரைக் கணவனை இழந்தவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தது இந்தத் திட்டம்தான். அதுவரை யார் வீட்டிலாவது கூலிக்கு நின்ற பெண், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் ஆனாள். பிள்ளைக்குச் சோறு, அம்மாவுக்கு வேலை. அந்த வீட்டில் திட்டத்தைக் கொண்டுவந்த எம்.ஜி.ஆர். படத்தை மாட்டி வைத்தால் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல என்னால் முடியாது. 1992-ல் வந்த மகளிர் காவல் நிலையமும், 2013-ல் வந்த அம்மா உணவகமும் அப்படித்தான். ஐந்து ரூபாய்க்குப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களுடைய நன்றியைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

அப்புறம் மன்றங்கள். நடிகர் பெயரில் மன்றம் வைக்கிற பையன்கள் பெரும்பாலும் ஊரில் யாரும் நிமிர்ந்து பார்க்காத வீட்டுப் பிள்ளைகள். சாதிச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ அவர்களுக்கு இடம் கிடைக்காது. மன்றத்தில் 'கிளைச் செயலாளர்' என்று போர்டில் பெயர் வரும். நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள், ரத்ததானம் செய்வார்கள், பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டும் என்று நானே அந்தப் பையன்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அவருக்குக் கை கொடுத்தவை இந்த மன்றங்கள்தான்.

இந்த மக்கள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர்களும் அல்ல. 1967-ல் கழுத்தில் குண்டடி பட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆரைப் பரங்கிமலையில் ஜெயிக்க வைத்தார்கள். அதே தேர்தலில், தாங்கள் போற்றிய காமராஜரை விருதுநகரில் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 1996-ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். அன்பும் இருக்கிறது, கணக்குக் கேட்கும் புத்தியும் இருக்கிறது.

என் வருத்தம் மேலே இருப்பவர்கள் மீதுதான்.

2016 செப்டம்பர் 22-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஜெயலலிதா டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார். அதற்குப் பிறகு, அதிர்ச்சி தாங்காமல் இறந்தவர்கள் என்று அ.தி.மு.க. பட்டியல் பட்டியலாகப் பெயர்களை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் நிதி அறிவித்தது. 2014-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதித்த பெங்களூரு தீர்ப்பு வந்தபோது உயிரிழந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் இதே 3 லட்சம்தான். 2018-ல் கலைஞர் உடல்நலம் குன்றியிருந்தபோது, யாரும் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டாம் என்று மு.க. ஸ்டாலின் வேண்டுகோள் விடுத்தார். அது நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் ஆகஸ்ட் 7-ஆம் தேதி கலைஞர் மறைந்த பிறகு தி.மு.க.வும் 248 பேர் அதிர்ச்சியில் இறந்ததாகக் கணக்குச் சொல்லி, குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

துக்கத்தில் உயிர் போகாது என்று நான் சொல்லவில்லை. இதயம் பலவீனமான வயதானவர்கள் விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்து அழுதால் என்னவும் நடக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஒரு நாளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயாலும் முதுமையாலும் இறக்கிறார்கள். அவர்களில் யார் தலைவருக்காக இறந்தார்கள் என்பதை எந்த மருத்துவர் பிரித்துச் சொன்னார்? எந்தச் சான்றிதழை வைத்து இந்தப் பட்டியல்கள் தயாராயின?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தது. எந்தத் தலைவர், எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. அந்த அம்மா பல வருடமாகச் சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர். தலைவர் போன செய்தி கேட்டு அழுதார், மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கட்சிக்காரர்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். அவன் சொன்னது எனக்கு மனப்பாடமாகிவிட்டது: "டீச்சர், இந்தப் பணத்துல பாதி ஆறு மாசத்துக்கு முன்னாடி கெடச்சிருந்தா, அம்மாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் வைத்தியம் பாத்திருப்பேன்."

வாழ்நாள் முழுக்கக் கொடி பிடித்த தொண்டர் மஞ்சள் காமாலையில் இறந்தால் ஒரு மாலை வரும். தலைவருக்காக இறந்தார் என்று ஆகிவிட்டால் லட்சக்கணக்கில் நிதி வரும், பேப்பரில் படம் வரும். கடனில் மூழ்கி, ஏற்கெனவே மனம் உடைந்து கிடக்கிற ஒரு மனிதனுக்கு இது என்ன சேதி சொல்லும் என்பதை யாராவது யோசித்தார்களா? என் சாவாவது பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று ஒருவன் நினைத்துவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஏழைக் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எந்தக் காரணத்தால் இறந்தாலும் எல்லா உறுப்பினர் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி கொடுங்கள் என்கிறேன். ஒரு கோடிக்கு மேல் உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்கிற கட்சிகளால் ஒரு காப்பீட்டுத் திட்டம் போட முடியாதா?

எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் இந்தப் பழக்கம் சாவோடு நிற்பதும் இல்லை. 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூர் வேலுசாமிபுரத்தில் விஜய் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். 10,000 பேர் வருவார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கிய கூட்டம் அது. வந்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பகலிலிருந்து காத்துக் கிடந்தவர்கள் முன்னால் தலைவர் வந்து சேர்ந்தது இரவு ஏழு மணிவாக்கில். சுப்ரீம் கோர்ட் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது, யார் மீது தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் அந்த வாரம் முழுக்க, 'குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதற்குப் போனார்கள்' என்று செத்தவர்களையே திட்டினார்களே, அதை என்னால் தாங்கவே முடியவில்லை. பக்கத்து ஊருக்கு வருகிற ஒருவரைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று போவது ஒரு குற்றமா?

2011-ல் நடிகர் அஜித் தன் ரசிகர் மன்றங்களை எல்லாம் கலைத்தார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்படியும் 2023 ஜனவரியில் அவருடைய படம் வெளியான அன்று கோயம்பேட்டில் லாரி மேல் ஆடிய 19 வயதுப் பையன் விழுந்து இறந்தான். நடிகர் மட்டும் ஒதுங்கினால் போதாது. தியேட்டர், காவல்துறை, அந்த ஆட்டத்தை நேரலையில் காட்டிய சேனல்கள் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிட வேண்டும் என்று 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் நெறிமுறைகளை ஏற்றது. முக்கிய இடத்தில் போடக் கூடாது, பரபரப்பான தலைப்பு வைக்கக் கூடாது, எப்படிச் செய்தார் என்று விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒரு மாணவி இறந்தால் இதை ஓரளவு கடைப்பிடிக்கும் பத்திரிகைகள், ஒரு தொண்டர் இறந்தால் மறந்துவிடுகின்றன. தலைவருக்காக உயிர்நீத்தார் என்று பெட்டிச் செய்தி வருகிறது. அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் அந்தத் தலைப்பைப் போடாதீர்கள். கீழே 104 என்ற உதவி எண்ணைப் போடுங்கள். கட்சி அலுவலகம் அனுப்பும் பட்டியலை அப்படியே அச்சில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 2016 பட்டியலிலும் 2018 பட்டியலிலும் இருந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். பெயரும் முகமும் வெளியிட வேண்டாம். அறிவித்த பணம் வந்ததா, எவ்வளவு காலத்தில் வந்தது, அதற்குப் பிறகு கட்சியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தார்களா, பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்களா என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தேனி மாவட்டத்தில் அப்படி வீடு தேடி வருபவர்களுக்கு வழி காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆண்டிபட்டி, தேனி மாவட்டம்.