கைப்பணமும் கடன்தான் என்றால்? ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பி வாடகைக்கு விடலாம் என்று பெரும்பாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினான். விலை 40 லட்சம். 30 லட்சத்தைத் தாண்டிய வீட்டுக்கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது உங்கள் விதி. பத்திரச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. ஆக 32 லட்சம் கடன் போக, கைப்பணம் 8 லட்சம், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம். மொத்தம் 11,60,000. அவனிடம் அது இல்லை.

தரகர் வழி சொன்னார்: “முதல்ல ஹவுசிங் லோன் சாங்ஷன் ஆகட்டும் தம்பி. அப்புறம் பெர்சனல் லோன் போடுங்க. முன்னாடியே போட்டா சிபில்ல தெரிஞ்சிடும்.” சிபில் என்பது நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனம். போனில் நாலு தட்டு தட்டினான். மாலைக்குள் 12 லட்சம் வந்து விழுந்தது. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி, விற்றவர் தந்த ரசீதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டது. பணம் ஏது என்று கேட்கவில்லை.

வீட்டுக்கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் சுமார் 27,800. பெர்சனல் லோனுக்கு 13 சதவீதத்தில் 5 வருடத்துக்குச் சுமார் 27,300. 32 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே தவணை! வாடகையோ 12,000. குடியிருந்தவர் காலி செய்தபோது திருப்பித் தர அட்வான்ஸ் பணம்கூட இல்லை; அது எப்போதோ தவணையில் கரைந்திருந்தது. என்னிடம் வந்து நின்றான். நகையை வைத்துக் கொடுத்தேன்.

தப்பு அவன் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 20 சதவீதம் சொந்தப் பணமாக இருக்கட்டும் என்றுதானே அந்த விதி? 2023 நவம்பரில் பெர்சனல் லோனுக்கான ரிஸ்க் வெயிட்டை, அதாவது அந்தக் கடனுக்காக வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதற்கான கணக்கை, 100லிருந்து 125 சதவீதமாக்கினீர்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற நிறுவனங்களுக்குக் கடன் விவரம் அனுப்பச் சொன்னீர்கள். சரி, சாங்ஷனுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால்?

பத்திரப்பதிவுக்குச் செக் கொடுக்கும் முன் சிபிலை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கைப்பணம் போன கணக்கின் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் கேட்கச் சொல்லுங்கள். தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் அந்த 12 லட்சம் தனி வரியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு அக்கா, சென்னை