மாத்திரையோடு பிழைப்புக்கும் வழி காட்டியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலில் என் பெயர் இல்லை. உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. உங்களில் ஒருவரைச் சொன்னாலே நான் யாரென்று தெரிந்துவிடும். ஆனாலும் படிக்கும்போது, இது தனக்குத்தான் என்று அவரவருக்குப் புரியும்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்ஐவி இருப்பது தெரிந்தது. மாத்திரை இலவசம். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் அரசு கொடுக்கத் தொடங்கியதால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் அது கைக்கு எட்டியது. ஆனால் இலவச மாத்திரையை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலையில் இருந்தேன். மாதாமாதம் லீவு கேட்டால், "எதுக்கு?" என்பார்கள். போதாததற்கு வாரத் தவணைக் கடன் வேறு. வசூல் நாளும் ஆஸ்பத்திரி நாளும் ஒன்றாக வந்துவிட்டால் நான் எங்கே போவேன்? தவணைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பயந்து மாத்திரையை விட்டேன். உடம்பு கரைந்து, டிபியும் சேர்ந்துகொண்டது.

எச்ஐவி மாத்திரை கொடுக்கும் ஏஆர்டி மையத்தின் ஆலோசகர் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. மாத்திரை விட்டதற்காகத் திட்டு வாங்கத் தயாராகத்தான் அன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். நீங்களோ, "மாத்திரை இருக்கட்டும் கண்ணு, காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டீர்கள். அப்புறம் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், கடன் எவ்வளவு, குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் அங்கே இருக்கும்போதே, எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் சங்கத்துக்குப் போன் போட்டீர்கள். ஆஸ்பத்திரியில் என் பசியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

சங்கத்து அண்ணா, விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுத்து, தாலுகா ஆபீசுக்கும் கூடவே வந்தீர்கள். அப்போது மாதம் 1,000 ரூபாய், 2023இல் 1,200 ஆனது. சின்னத் தொகைதான். டிபி மருந்து சாப்பிட்ட மாதங்களில் வீட்டுக்கு அரிசி வந்தது அதில்தான். எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழ்நாட்டில் ஓர் அறக்கட்டளை இருப்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதில் கிடைத்த பணத்தில் மகள் படிப்பு நிற்காமல் போனது.

உடம்பு தேறியதும், ஒருவர் திருப்பிக் கட்டுவதை அடுத்தவருக்குக் கொடுக்கும் சுழல் நிதியில் ஆட்டுக்கடன் கொடுத்தீர்கள். அந்தக் கடனை நீங்கள் கொடுத்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இது போன்ற வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வெள்ளாடு சினையாக இருப்பதே ஐந்து மாதம். குட்டி விற்கிற அளவுக்கு வளர இன்னும் ஆறேழு மாதமாவது ஆகும். கடன் கொடுத்த அடுத்த வாரமே தவணை கேட்டிருந்தால் தாய் ஆட்டைத்தான் விற்றிருப்பேன். நீங்கள் முதல் குட்டி விற்கும்வரை காத்திருந்தீர்கள். தவணை நாளையும் ஏஆர்டி நாளோடு மோதாமல் வைத்தீர்கள். எச்ஐவி உள்ளவர்களுக்கென்று தனிக் குழு போடாமல், ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருக்கிற சுய உதவிக் குழுவிலேயே என்னையும் சேர்த்துவிட்டீர்கள். கடன் தாளில் "ஆடு வளர்ப்பு" என்று மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த களப்பணியாளர் தங்கச்சி ஒரு நாளும் எய்ட்ஸ் அடையாளமான சிவப்பு ரிப்பன் போட்ட பையோடு வந்ததில்லை. வந்தால் முதலில் பட்டியைப் பார்ப்பாள், ஆட்டைப் பற்றிப் பேசுவாள், கிளம்பும்போதுதான் தணிந்த குரலில், "மாத்திரை இருக்குதுங்களா அக்கா?" என்பாள். உதவி செய்கிறோம் என்று வந்து ஒரு குடும்பத்தை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடுவது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் அதைச் செய்யவில்லை.

கால்நடை டாக்டர் ஐயா, நீங்கள் வாங்கச் சொன்ன சேலம் கருப்பு இன ஆடு இந்த வெயிலுக்குச் சரியாகவே இருக்கிறது. மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும், பட்டித் தரை ஈரமாக இருக்கக் கூடாது, பசுந்தழையைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் மனப்பாடம். தரையில் போட்டால் பாதியை மிதித்து வீணாக்கும், ஆடு எட்டிக் கடிக்கத்தான் ஆசைப்படும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நான் டவுனுக்குப் போகிற நாளிலெல்லாம் என் ஆடுகளை உங்கள் ஆட்டோடு ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். எதற்குப் போகிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

நேரில் பார்க்காத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் நாமக்கல் பக்கத்துப் பெண்ணான பி. கௌசல்யா அம்மாவும் அவரோடு நின்றவர்களும் 1998இலேயே எச்ஐவி உள்ள பெண்களுக்கென்று சங்கம் தொடங்கினார்கள். இலவச மாத்திரை இல்லாத காலத்தில், முகத்தை மறைக்காமல் பேசினார்கள். எங்கள் சம்மதமில்லாமல் யாரும் எங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது, எச்ஐவியைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்திருக்கிறது. அப்படிப் பேசியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

இப்போது தினமும் ஒரே மாத்திரைதான். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்தை நாள் தவறாமல் விழுங்க வைத்தது வயிற்றுச் சோறும், நாலு காசு வருகிற தொழிலும். அதனால் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: செலவைக் குறைக்க நினைத்தால் ஆலோசகர் வேலையில் கை வைக்காதீர்கள். எங்களைப் போன்றவர்களை மாத்திரையிலிருந்து உதவித்தொகைக்கும், அங்கிருந்து தொழிலுக்கும் அழைத்துப் போகிறவர் அவர்தான்.

வரும் தை மாதம் என் கடன் முடிகிறது. அப்புறம் இரண்டு பெட்டைக் குட்டிகளைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். யாருக்குக் கொடுப்பது என்பதை ஆலோசகர் அக்கா முடிவு செய்யட்டும், வாங்குகிறவர் பெயர் எனக்குத் தெரிய வேண்டாம். குடற்புழு மருந்து கொடுத்து, ஊசியும் போட்டுத்தான் அனுப்புவேன். முதல் ஈற்றுவரை அவரிடம் தவணை கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி,
நாமக்கல் மாவட்டம்