ஐம்பதாம் நம்பர் ரோட்டில் போ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே பாளையங்கோட்டையில் எல்லோரும் நலம். ஆச்சிக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. தினமும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூனில் கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ வேலைக்கு வாஷிங்டனிலிருந்து காரிலேயே போகிறாய், கூட உன் சிநேகிதியும் வருகிறாள். ஐ-70, அப்புறம் ஐ-80 என்று இண்டர்ஸ்டேட் விரைவுச்சாலைகளைப் பிடித்து நாலே நாளில் போய்விடுவோம் என்றாய். போனில் ஏதாவது சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம். வேலையில் சேரப் பத்து நாள் இருக்கிறது என்று நீயேதான் சொன்னாய். அந்தப் பத்து நாளையும் ரோட்டுக்குக் கொடுத்துவிடு. ஊர்களுக்குள்ளேயே புகுந்து போகிற பழைய நெடுஞ்சாலை யு.எஸ். 50-இல் போ.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம், 1999-இல், நானும் அம்மாவும் நியூஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஐ-80-இல்தான் போனோம். பதினோரு மாநிலம், நாலு நாள். அயோவா எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எக்ஸிட் பலகை, கேஸ் ஸ்டேஷன், அதே பர்கர் கடை, மறுபடி எக்ஸிட் பலகை. வயோமிங்கில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளியது மட்டும் ஞாபகம் இருக்கிறது, பயந்துபோனதால். ஓர் ஊருக்குள்ளும் நாங்கள் நுழையவில்லை. இண்டர்ஸ்டேட்டில் தப்பு ஒன்றும் இல்லை, நிற்காமல் போவதற்கென்றே அதைப் போட்டார்கள். ஐசனோவர் ராணுவத்தில் இருந்தபோது, 1919-இல், ஒரு ராணுவ வண்டித்தொடரோடு வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போனார். 62 நாள் ஆனது. அந்த மனிதர் ஜனாதிபதியாகி 1956-இல் இண்டர்ஸ்டேட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் என்றால் அந்த அவசரம் புரிகிறது. உனக்குத்தான் இப்போது அவசரம் இல்லையே.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறாயா? ஐ-50 என்று ஒரு ரோடே கிடையாது. 1926-இல் யு.எஸ். ரோடுகளுக்கு நம்பர் போட்டபோது, கிழக்கு மேற்காகப் போவதற்கெல்லாம் வடக்கே சின்ன எண், தெற்கே பெரிய எண் என்று கொடுத்தார்கள். பிறகு வந்த இண்டர்ஸ்டேட்டுக்கு அதைத் தலைகீழாக வைத்தார்கள். நாட்டின் நடுவில் 50-ம் 60-ம் அக்கம்பக்கமாக இரண்டு இரண்டு வந்து குழம்பும் என்று அந்த எண்களையே விட்டுவிட்டார்கள். அதனால் ஐம்பது என்றால் ஒரே ஐம்பதுதான். மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் கடற்கரையை ஒட்டித் தொடங்கி மேற்கு சேக்ரமெண்டோ வரை, பன்னிரண்டு மாநிலம். வாஷிங்டனில் நீ மத்தியானம் நடக்கப் போகிற கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ இருக்கிறதே, அதுவும் அதே ரோடுதான்.

சேக்ரமெண்டோவில் இருந்தபோது ஆபீஸ் போகும் வழியில் ஒரு பச்சைப் பலகையைக் கடப்பேன். "ஓஷன் சிட்டி, மேரிலாந்து 3073" என்று மைல் கணக்கு போட்டிருக்கும். பக்கத்து ஊருக்கு வழி சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக நிற்கும். சில வருடம் அதைப் பார்த்துப் பார்த்தே ஒருநாள் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 2006-இல் மேரிலாந்தில் வேலை கிடைத்ததும் அம்மாவிடம் சொன்னேன், ஒன்பது நாள் ஆனாலும் பரவாயில்லை, இதில்தான் போகிறோம் என்று. உனக்கு அப்போது ஆறு வயது. பாதி வழி தூங்கினாய், மீதி வழி கேள்வி கேட்டாய்.

கேன்சஸ் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம்ம பக்கம் கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்போம். அங்கே வெள்ளைக் கான்கிரீட்டில் தானியக் கிடங்கு. தட்டையான நிலத்தில் பல மைல் தூரத்திலேயே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஒரு ஊர் வரும், 65 மைல் வேகத்தில் வந்த வண்டி 35-க்கு இறங்கும், ரோடே அந்த ஊரின் கடைத்தெருவாகிவிடும். முடிதிருத்தும் கடை, சர்ச், பள்ளிக்கூட மைதானம், சைக்கிளில் பையன்கள். ஐந்து நிமிஷத்தில் ஊர் முடிந்து கோதுமை வயல். கின்ஸ்லி என்ற ஊரில் ஒரு பலகை, நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஆளுக்கு 1561 மைல் என்று. நட்டநடு.

அதைத் தாண்டித்தான் அந்த அறுவடை மெஷின் வந்தது. ஜூன் கடைசி, கோதுமை அறுப்புக் காலம். ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. முந்த வழியில்லை. வைக்கோல் தூசி கண்ணாடியில் வந்து ஒட்டியது, பொன்னிறமாக. பத்து நிமிஷம் பின்னாலேயே ஊர்ந்தோம். ஒரு வயல் வாசல் வந்ததும் ஓட்டியவர் ஒதுங்கி நின்று, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். "அவருக்கு நம்மளத் தெரியுமாப்பா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாய். தெரியாதும்மா, அந்தப் பக்கத்து வழக்கம், எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது அப்படித்தான் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நீ பின் ஜன்னலில் விரலைத் தூக்கிக்கொண்டே வந்தாய். நிறையப் பேர் பதிலுக்குத் தூக்கினார்கள்.

அந்த நாட்டில் அதுவரை ஏழு வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியிருந்தேன், வரி கட்டியிருந்தேன். ஆனால் அங்கே இருக்கிறோம் என்று எனக்கு முதல்முதலில் தோன்றியது அந்த ரோட்டில்தான். நான் வந்தவன். நீ அங்கேயே பிறந்தவள், பாப்பா. இரண்டு கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதை விமான ஜன்னல் வழியாகவே தாண்டுகிறாயே என்பதுதான் என் ஆதங்கம்.

நெவாடாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1986-இல் லைஃப் பத்திரிகை இந்தப் பகுதியை அமெரிக்காவிலேயே தனிமையான ரோடு என்று எழுதியது. நெவாடாக்காரர்கள் கோபப்படாமல் அதையே பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்கள். ஈலி, யூரேகா, ஆஸ்டின், ஃபாலன். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எழுபது மைல், நூறு மைல். கணவாய் ஏறினால் கீழே ஒரு சமவெளி, அதன் குறுக்கே நூல் பிடித்த மாதிரி ரோடு, அந்தப் பக்கம் மறுபடி ஒரு மலை. இறங்கி, கடந்து, ஏறினால் அதேபோல் இன்னொரு சமவெளி. யூரேகாவைத் தாண்டி ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். சூடு ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அம்மா புடவைத் தலைப்பு காற்றில் அடிப்பது எனக்குக் கேட்டது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் அந்தச் சாம்பல் நிறப் புதர்களிலிருந்து மருந்து வாசனை மாதிரி ஒன்று வந்தது. கால் மணி நேரம் நின்றோம். ஒரே ஒரு வண்டிதான் போனது.

ஈலிக்கு முன்னாலேயே கிரேட் பேசின் தேசியப் பூங்கா வரும். அங்கே ஒரு ராத்திரி கட்டாயம் தங்கு. பல ஆயிரம் வருட வயதுள்ள பைன் மரங்கள் மேலே இருக்கின்றன. ராத்திரி வானம் அங்கே போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனி கவனமாகப் படி. ஒரு மைலுக்கு ஒரு மைல் கணக்குப் பார்த்தால் இண்டர்ஸ்டேட்தான் பாதுகாப்பு, அதை மறைக்க மாட்டேன். இருவழி ரோட்டில் எதிரே வருகிறவனுக்கும் உனக்கும் நடுவே ஒரு மஞ்சள் கோடுதான். அது தொடர்கோடாக இருந்தால் எவ்வளவு மெதுவான லாரி முன்னால் போனாலும் முந்தாதே. பொழுது சாய்ந்ததும் மான்கள் ரோட்டுக்கு வரும், அதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடு. ஒரு நாளைக்கு 400 மைலுக்கு மேல் வேண்டாம். டேங்க் பாதியானால் நிரப்பு. யூட்டாவில் கொஞ்ச தூரம் ஐம்பதும் ஐ-70-ம் ஒன்றாகவே ஓடும், அங்கே கிரீன் ரிவரை விட்டால் சலினா வரை 100 மைலுக்கு மேல் பெட்ரோல் கிடையாது. டெல்டாவை விட்டால் நெவாடா எல்லை வரை அதே கதை. மேற்கு வர்ஜீனியாவின் கொண்டை ஊசி வளைவுகளிலும், கொலராடோவில் 11,312 அடி உயர மொனார்க் கணவாயிலும் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காதே, கியரைக் குறை. மேப்பை முன்னாடியே போனில் இறக்கி வைத்துக்கொள். கூடக் காகித மேப் ஒன்று. ஆளுக்கு நாலு கேலன் தண்ணீர்.

சாப்பாடு சின்ன ஊர்களில் சைவத்துக்குக் கஷ்டம்தான். சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் சாண்ட்விச், பழம் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம், இவ்வளவுதான் கிடைக்கும். சின்ன குக்கர் எடுத்துக்கொள். நாங்கள் தங்கிய மோட்டல்கள் இரண்டு மூன்றை நடத்தியவர்கள் குஜராத்திகள். நாம் ரசம் வைத்த வாசனைக்கு ஒரு அம்மா கதவைத் தட்டி, திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தால், கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் ஒருநாள் கிழக்கே ஓஷன் சிட்டிக்கு ஓட்டிப் போ, மூன்று மணி நேரம்தான். அங்கே பாலத்துப் பக்கம் "சேக்ரமெண்டோ, கலிபோர்னியா 3073" என்று பலகை இருக்கும். கடலில் காலை நனைத்துவிட்டு அங்கிருந்து தொடங்கு.

நெவாடாவில் மணிக்கணக்கில் சிக்னல் இருக்காது என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் பயணத்தையே நிறுத்தப் பார்ப்பாள். அடுத்த வாரம் அங்கே வருகிற சிநேகிதர் கையில் புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா