மீற்றர் வெளிச்சம் போனால் மீற்றரை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஏ9 வீதியில் இரவில் வேகம் தெரியாமல் ஓடுவது ஆபத்து. ஆனால் டாஷ்போட் வெளிச்சம் மங்கியதும் மீற்றரையே மாற்றச் சொல்வது வீண்செலவு.

டிம்மர் சில்லு (மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரம்) அடியோடு குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பார்க் லைட்டைப் போடுங்கள். பின்விளக்கும் எரியாவிட்டால் பெரும்பாலும் பியூஸ்தான். 10 அம்பியர் பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் 20 போடவே கூடாது, வயர் உருகிவிடும். நம்பர் பிளேட் லைட் ஹோல்டரில் ஷோர்ட் (மின் குறுக்குத் தொடுப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள்.

பின்விளக்கு எரிந்து மீற்றர் மட்டும் இருண்டால் டிம்மரைச் சந்தேகியுங்கள். மெல்லச் சுழற்றும்போது வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் உள்தடம் தேய்ந்திருக்கும். டிம்மரை முழுதாகக் கூட்டி, பல்ப் ஹோல்டரின் இரு முனையிலும், வோல்ற் அளக்கும் மல்டிமீற்றரை வையுங்கள். 12 வோல்ற்றுக்குக் கிட்ட வந்தும் எரியாவிட்டால் பல்ப்தான் பழுது. ஆனால் எல்.ஈ.டி. பல்ப் என்றால் முதலில் திருப்பிச் செருகிப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது.

வாகன மின் திருத்துநர்,
மாங்குளம்.