மயக்கம் வேறு, தூக்கக் கலக்கம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 78 வயதான என் தாயார் சென்ற மாதம் மூக்கொழுகலுக்கு மருந்து வாங்கி வந்தார். "இம்மாத்திரையால் மயக்கம் வரும்" என்று தமிழ்க் குறிப்பில் அச்சிட்டிருந்தது. மூன்று நாள் கழித்து நான் பார்த்தபோது, அட்டையில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு, "பகல்ல தனியா இருக்கேன், குளியலறையில மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?" என்றார்.

அது குளோர்ஃபெனிரமின் என்னும் பழைய ஒவ்வாமை மருந்து. மூளைக்குள்ளும் சென்று, நம்மை விழிப்புடன் வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதால் கண்ணைச் சொருகும். மருத்துவ ஆங்கிலம் இதனைச் 'சோம்னலன்ஸ்' என்கிறது. தூக்கத்தைக் குறிக்கும் 'சோம்னஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அச்சொல், விழித்திருக்க முயன்றாலும் தூக்கம் வந்து அழுத்தும் நிலையைச் சொல்கிறதே தவிர, நினைவு தப்புவதையோ தலைசுற்றலையோ சொல்லவில்லை.

மொழிபெயர்த்தவரை முற்றிலும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்னும் பழமொழியில் மயக்கம் தூக்கத்தைத்தான் சுட்டுகிறது. ஆனால் அங்கே 'உண்ட' என்ற அடை துணைநிற்கிறது. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றால் எழுத்துகளின் சேர்க்கை, பேச்சில் மயக்கம் போட்டால் நினைவிழப்பு, அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து என்றால் வேறு. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை மருந்துச் சீட்டில் தனியே நிறுத்தினால், நோயாளி தமக்குத் தெரிந்த மிக அச்சமூட்டும் பொருளையே எடுத்துக்கொள்வார். 'சோர்வு' என்று எழுதுவதும் தவறு. சோர்வுதானே என்று ஒரு கோப்பி குடித்துவிட்டு லாரியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

முறையான சொல் வேண்டும் என்பதற்காகத் 'துஞ்சல்' போன்ற இலக்கியச் சொல்லைத் தேடுவதும் பயன்தராது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றால் அங்கே உறங்கிய பாண்டியன் அல்லன், அங்கே இறந்த பாண்டியன்.

'தூக்கக் கலக்கம்' என்பதே போதுமான சொல் என்பது என் கருத்து. தூங்கி எழுந்தவுடன் இருக்கும் தெளிவின்மையையும் அது குறிக்கும் என்பதால், குறிப்பில் "தூக்கம் வரும்; தூக்கக் கலக்கத்துடன் வாகனமோ இயந்திரமோ இயக்காதீர்கள்" என்று முழு வாக்கியமாக எழுதலாம். முதியவர்கள் அக்கலக்கத்தில் தடுமாறி விழவும் கூடும் என்பதால், எழுந்து நடக்கும்போது கவனம் தேவை என்ற வரியையும் சேர்க்க வேண்டும். தமிழும் ஓர் ஆட்சிமொழியாக உள்ள நம் சிங்கப்பூரில், மருந்துக் குறிப்புகளை அச்சுக்கு அனுப்புமுன் தமிழ் மட்டுமே படிக்கும் முதியவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்குமாறு வேண்டுகிறேன்.

மருந்தாளரிடம் தொலைபேசியில் கேட்டபின், என் தாயார் இப்போது அம்மாத்திரையை இரவு படுக்கைக்குப் போகும்போது உட்கொள்கிறார்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்