கதவைத் தாழிடாதே, ஐயா

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மகனுக்கு,

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மீது கோபப்படாதே. நீ குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விடியும்வரை தரையில் கிடந்தாய் என்று தெரிந்த பிறகு அதை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்க அவளால் முடியவில்லை. இதைத் தொலைபேசியில் பேசினால் நான் திட்டத் தொடங்கிவிடுவேன், நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கஞ்சா தின்றது எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒரு முறை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. செத்துவிடுவோம் என்று நீ உறுதியாக நம்பிய நேரத்தில்கூட ஒருவரையும் கூப்பிடவில்லையே, அதுதான். பக்கத்து அறையில் ஆள் இருந்தும் கூப்பிடவில்லை. அவசர ஊர்தியை அழைக்கவில்லை. என்னையும் அழைக்கவில்லை. நான் அவசரப் பிரிவில் தாதியாக எத்தனையோ இரவுகள் நின்றவள். போதை ஏறி வந்தவர்களில் துணையோடு வந்தவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. தனியாகக் கிடந்து, பிறகு யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்தவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டோம்.

அன்று உனக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். புரிந்தால் பயம் பாதி குறையும். நண்பன் வீட்டிலேயே செய்த பிரவுனி கேக்கில் ஒரு துண்டு தின்றாய். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துண்டு தின்றாய். முதன்முறை தின்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கு ஏறிவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். உச்சத்தைத் தொட நான்கு மணி நேரம்கூட ஆகலாம். வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போகும்போது கஞ்சாவில் போதையைத் தரும் பொருளான டி.எச்.சி. இன்னொரு வடிவமாக மாறுகிறது. அது மூளைக்குள் எளிதாக நுழையும், போதையும் அதிகம். ஆக, முதல் துண்டு வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் இரண்டாவது துண்டும் உள்ளே போய்விட்டது. வீட்டில் செய்த பண்டத்தில் அளவு என்று ஒன்றும் கிடையாது. சரியாகக் கலக்காத மாவில் உப்பு ஒரே பக்கம் திரண்டு கிடப்பதுபோல, ஒரு துண்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் மொத்தமும் இருக்கும். நீ இருக்கும் கனடாவில் சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. புதியவர்கள் 2.5 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே சொல்கிறது. நீ எவ்வளவு தின்றாய் என்பது உனக்கும் தெரியாது, செய்தவனுக்கும் தெரியாது.

நெஞ்சு அடித்துக்கொண்டது என்றாயாம். டி.எச்.சி. இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டிவிடும். அதை நீ மாரடைப்பு என்று எண்ணிக்கொண்டாய். எண்ணியதும் பயம், பயந்ததும் துடிப்பு இன்னும் வேகம். எழுந்து நின்றதும் கண் இருண்டது, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியதால். ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரம்போல நீண்டது, காலத்தை அளக்கும் உணர்வே குலைந்துவிட்டதால். அபின் வகைப் போதை மூச்சை நிறுத்திக் கொல்லும். கஞ்சா அப்படிச் செய்வது மிக அரிது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் அது பற்றிக்கொள்ள இடம் குறைவு. உன்னைப் போன்ற உடல்நலமுள்ள இளைஞன் அந்த அளவில் சாவதில்லை. சாகப்போகிறோம் என்ற எண்ணத்தை உண்டாக்கியதும் அந்தப் போதைதான்.

மறுபடியும் உனக்கோ, உன் கண்முன் இன்னொருவருக்கோ இப்படி வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை, ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பது. அவர் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. போதை ஏறாதவராக இருந்தால் போதும். ஒரு தாளில் தின்ற நேரத்தை எழுதி, "இது கஞ்சாவின் வேலை, குறைந்துவிடும்" என்று அடியில் எழுதிக் கண்ணில் படும்படி வை. மனம் புரளும்போது சொந்தக் கையெழுத்தை நம்ப முடியும். விளக்கைக் குறை, சத்தத்தை நிறுத்து. உட்கார் அல்லது ஒருக்களித்துப் படு. மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடு. தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டைச் சொன்னாலும் சரிதான், மனம் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். தூக்கம் வந்தால் தூங்கலாம், ஆனால் அந்த ஆள் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும்.

இதற்கு முறிமருந்து கிடையாது. மருத்துவமனையிலும் பதற்றத்தைத் தணிக்க மருந்து கொடுப்பார்கள், தேவையானால் நரம்பில் நீர் ஏற்றுவார்கள், தெளியும்வரை கண்காணிப்பார்கள், அவ்வளவுதான். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் என்று நம்மவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். வாய் வறட்சிக்கு மோர் நல்லது, போதையை அது இறக்காது. மிளகைக் கடிப்பதும் அப்படித்தான், கடித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. காப்பி வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஓடும் இதயத்தை அது இன்னும் விரட்டும். மதுவும் வேண்டாம், டி.எச்.சி.யின் வேகத்தை அது கூட்டும். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க முயலாதே. தூக்க மாத்திரையைத் தொடாதே. மறுநாள் முழுக்க மந்தமாக இருக்கும், அன்றைக்குக் கார் ஓட்டக் கூடாது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, தட்டி எழுப்பினாலும் எழாத மயக்கம், நிற்காத வாந்தி, இல்லாததைக் காண்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம்: இவற்றில் ஒன்று வந்தாலும் யோசிக்காமல் 911. போலீஸ் வரும், விசா போகும் என்று பயந்தாயாம். உனக்கு 22 வயது. அங்கே கஞ்சா 2018 அக்டோபரிலிருந்து சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, நீ இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் 19 வயது நிறைந்தால் போதும். அளவு மீறிய போதைக்கு உதவி கேட்டு அழைப்பவர்மீது, கையில் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குத் தொடுக்கக் கூடாது என்று 2017இல் தனியாக ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் என்ன தின்றாய் என்று மறைக்காமல் சொல். அதை ஊகித்துக்கொண்டே நிற்கும் நேரத்தில்தான் நோயாளி கை நழுவிப் போவார். நம் ஊரில் தேசிய விஷத் தகவல் மையம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மருத்துவர்களே அங்கே கேட்பார்கள். ஒண்டாரியோவிலும் அப்படி ஒரு மையம் உண்டு. அதன் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வை.

மீதித் துண்டுகள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன என்று அக்கா சொன்னாள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவற்றை அப்புறப்படுத்து. மேல்மாடி வீட்டுக்காரரின் சிறுமி உங்கள் சமையலறைக்கு ஓடி வருவாள் என்று நீதானே படம் அனுப்பினாய்? பெரியவர்களுக்குப் பயத்தோடு போவது குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கமாகும், மூச்சும் தளரும். அவளுக்கு அது வெறும் கேக்.

உன் அறைத்தோழனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் புகைக்கிறான், காலையில் வாந்தி எடுக்கிறான், பிறகு வெந்நீரில் நீண்ட நேரம் நிற்கிறான் என்று முன்பு ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய். அது சிரிக்கிற விஷயம் இல்லை. நீண்ட காலம் கஞ்சா பயன்படுத்துபவர்களுக்கு வரும் வாந்தி நோயாக இருக்கலாம். வெந்நீரில் குளித்தால் தணிவதுதான் அதன் அடையாளம். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள். கஞ்சாவை அடியோடு நிறுத்தினால்தான் தீரும். அவனை மருத்துவரிடம் அனுப்பு.

இப்போது நம் வீட்டு விஷயம். உன் மாமாவை நினைத்துப் பார். உன்னைவிட ஒரு வயது குறைவாக, 21 வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. மின்விசிறி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குப் போய் வரும் வழியெல்லாம் பாட்டி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமா ஒரு சிகரெட்கூடத் தொட்டவர் இல்லை. கஞ்சாவால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எதையும் தொடாமலே அவருக்கு வந்தது, அதனால்தான் பயப்படுகிறேன். நெருங்கிய இரத்த உறவில் இந்த நோய் இருந்தால், கஞ்சா அதைத் தூண்டிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வீரியம் கூடிய கஞ்சாவில், இளம் வயதில், அடிக்கடி பயன்படுத்தினால் இன்னும் அதிகம். உன் நண்பர்கள் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்து போகலாம். நீ அவர்களோடு உன்னை ஒப்பிட முடியாது, ஐயா. அன்று கதவுக்கு வெளியே யாரோ உன் பெயரைச் சொல்லிப் பேசியதாகக் கேட்டதாமே, அது அன்றோடு நின்றுவிட்டதா? இதற்கு எனக்கு உண்மையான பதில் வேண்டும். ஒரு நாளுக்குப் பிறகும் அப்படி ஏதாவது கேட்டிருந்தால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால், பல்கலைக்கழக மருத்துவரிடம் இந்த வாரமே போ. மாமாவின் நோயையும் சொல். தொடக்கத்திலேயே மருத்துவம் கிடைத்தால் இந்த நோயின் போக்கே வேறு.

தீபாவளிக்கு வரும்போது பையின் ஒவ்வொரு மடிப்பையும் நீயே பார்த்து அடுக்கு. யாருடைய மிட்டாய் டப்பாவையும் வாங்கி வராதே. கனடாவில் கடையில் விற்பதையும் எல்லை தாண்டிக் கொண்டுபோவது அங்கேயே குற்றம். இங்கே 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில், 200 கிராம் கஞ்சா இருந்தாலே கடத்தல் என்று எடுத்துக்கொள்வார்கள். 2023 முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை, ஆனால் நீதிபதி விதிக்கலாம். உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை. எப்போதாவது ஒருமுறை தின்றாலும் சில நாள்கள் சிறுநீரில் தெரியும். அடிக்கடி பழகியவர்களுக்கு ஒரு மாதத்தையும் தாண்டும். கனடாவில் தின்றதுதானே என்று அதிகாரியிடம் வாதாடும் நிலை உனக்கு வேண்டாம்.

உனக்கு நள்ளிரவு என்றால் இங்கே நண்பகல். அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள் என்ற காரணம் செல்லாது. போதையில் இருந்தாலும் கூப்பிடு, உளறினாலும் கூப்பிடு. அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டேன். திட்டுவது தெளிந்த பிறகு.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கோயிலிலிருந்து வந்துவிடுவார், உனக்குச் சனிக்கிழமை இரவு பத்து. அப்போது அழை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா